ஊளையிட்ட ஆம்ப்

அல்சூர் வீட்டில் வால்யூம் பாதியைத் தாண்டினாலே என் 15 வாட் வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ஊளையிட ஆரம்பித்துவிடும். தனி ஆளாகச் செய்து விற்பவரிடம் வாங்கியது. விற்கும்வரை அரைமணிக்கொரு மெசேஜ் போட்டவர், பழுது என்றதும் ஆளையே காணோம். சரி, நாமே பார்ப்போம் என்று ஆம்ப் ஓடும்போதே பென்சிலின் பின்பக்கத்தால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினேன். இன்புட் பக்கமிருந்த முதல் 12ஏஎக்ஸ்7 வால்வைத் தட்டியதும் ஸ்பீக்கரில் கோயில் மணி மாதிரி 'டிங்'. கோளாறு அதில்தான். அணைத்து, ஆறவிட்டு, நண்பன் கொடுத்த ஈசிசி83-ஐச் செருகினேன் (இரண்டும் ஒன்றுதான், இது ஐரோப்பியப் பெயர்). ஊளை போயேபோச்சு. சேஸிஸை (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டி) மட்டும் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கலாம். 19 நாள் கழித்து ஆம்ப் விற்றவரிடமிருந்து பதில்: "வால்வ் மாத்திப் பாத்தீங்களா சார்?"