ராத்திரி விமானத்தில் பர்ஸ்ட் கிளாஸ்: காசு தூக்கத்துக்குத்தான்

மும்பையிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் போகும் விமானங்களில் நிறைய நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்பும். அதனால் முதலில் தேதியைப் பாருங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 2:30 என்று இருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே சஹார் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். சிரிக்காதீர்கள், என் பெரியப்பா மறுநாள் ராத்திரி பெட்டி படுக்கையோடு போய் நின்றவர்.

அடுத்தது, எந்தத் தூரத்துக்கு எடுக்கிறோம் என்பது. மும்பை–துபாய் 3 மணி நேரம் சொச்சம். ஏறி, சாப்பிட்டு, கண்ணை மூடுவதற்குள் இறக்கிவிடுவார்கள். துபாயிலிருந்து நியூயார்க் 14 மணி நேரம். கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், நீண்ட பயணத்துக்கே எடுங்கள். விமானம் எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியிலும் எல்லா விமானத்திலும் பர்ஸ்ட் கிளாஸ் இருக்காது, இருந்தாலும் ஒரே மாதிரி இருக்காது. எமிரேட்ஸ் ஏ380-இல் குளிக்க ஷவர் உண்டு, அவர்களுடைய 777-இல் கிடையாது. லுஃப்தான்சா 747-8 என்றால் விமானத்தின் மூக்கில் மொத்தமே 8 சீட். எதுவானாலும் பாத்ரூமுக்கும் உணவு தயார் செய்யும் இடத்துக்கும் பக்கத்து சீட் வேண்டாம், ராத்திரி முழுக்க வெளிச்சமும் தட்டுச் சத்தமும்.

என்னை மாதிரி கிரெடிட் கார்டு பாயின்ட்டில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: விமானக் கம்பெனிக்கு மாற்றிய பாயின்ட் திரும்பி வராது. பாயின்ட்டுக்குக் கொடுக்கும் சீட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

இனி சாப்பாடு. முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். ஓசியில் கிடைத்ததுபோல மெனுவில் இருந்த அத்தனையையும் வரவழைத்து, இரண்டு படம் பார்த்து, இறங்கும்போது வயிறு உப்பி, கண் சிவந்து, கடைசி சீட்டில் வந்தவனைவிட மோசமாக இருந்தேன். இப்போதெல்லாம் மாட்டுங்கா வீட்டிலேயே எட்டு மணிக்கு ரசம் சாதம், மோர் சாதம் முடித்துவிட்டுத்தான் டாக்ஸி ஏறுவது. மேலே காற்று வறண்டு கிடக்கும், அழுத்தமும் குறைவு, நாக்கில் உப்பும் இனிப்பும் மந்தமாகிவிடும். புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறையாது. ஆகவே காலையில் பசிக்கும்போது புளிப்பாக, காரமாக இருப்பதைக் கேளுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஆனால் ஸ்பெஷல் மீல் பதிவு செய்தால் சில கம்பெனிகளில் அந்த ஒரு தட்டோடு சரி, மெனுவில் இருக்கும் மற்ற சைவ வகைகள் கைக்கு வராமல் போகலாம். போன் போட்டு விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏறியதும் பைஜாமா தருவார்கள். விமானம் கிளம்பும் முன்பே பாத்ரூமில் மாற்றிக்கொள்ளுங்கள், பெல்ட் விளக்கு அணைந்ததும் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். பணிப்பெண்ணிடம் இரண்டே விஷயம் சொன்னால் போதும்: படுக்கை போட்டுக் கொடுங்கள், இறங்க 2 மணி நேரம் இருக்கும்போது எழுப்புங்கள். சீட்டைத் தட்டையாக்கி, மெத்தை விரித்து, போர்வையின் ஒரு முனையை மடித்துவிட்டுப் போவார்கள். கூச்சப்படாதீர்கள், அது அவர்கள் வேலை. பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விமானம் குலுங்கும்போதெல்லாம் தட்டி எழுப்பிக் கேட்பார்கள்.

ஷவர் இருந்தால் ஏறியவுடனே நேரம் பதிவு செய்யுங்கள். இறங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள நேரம்தான் முதலில் போகும். தண்ணீர் 5 நிமிடம்தான், சோப்பு போடும்போது நிறுத்திக்கொள்ளலாம். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குளித்துப் பழகிய நமக்கு அது தாராளம்.

கால் வீங்கும், அதனால் இறுக்கமான ஷூ வேண்டாம். பைஜாமாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, மடித்துப் பையில் வையுங்கள். என்னுடையதை அப்பா எடுத்துக்கொண்டார், தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறார்.