‘பலவீனமான’ என்று எழுதுவதற்கு முன்: வலுவின்மைக்கும் உறுதியின்மைக்கும் சரியான சொல்லைப் பிடிப்பது எப்படி?

கயிறு பலவீனமானது, சட்டம் பலவீனமானது, மேலாளரும் பலவீனமானவர். இப்படி எழுதினால் இலக்கணப்படி பிழை எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் கண்முன் எதுவும் வராது. கயிறு கெடுவதும் சட்டம் கெடுவதும் ஒரே விதமாக நடப்பதில்லை. இரண்டுக்கும் தமிழில் வேறு வேறு வினைச்சொற்கள் உண்டு. நீங்கள் எழுதிய பத்தி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

படி 1: அடிக்கோடிட்டுக் கேள்வி கேளுங்கள்

‘பலவீனமான’, ‘வலுவற்ற’, ‘உறுதியற்ற’ என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகள்: அந்தப் பொருளோ ஆளோ என்ன வேலை செய்ய வேண்டும்? அதற்கான வலு இருந்து போனதா, முதலிலிருந்தே இல்லையா? போனதென்றால் எதனால் போனது?

இரண்டாவது கேள்வியின் விடை சொல்லின் வாலை முடிவு செய்யும். ‘உறுதியற்ற’ என்றால் உறுதி அறவே இல்லை. ‘உறுதி குறைந்த’ என்றால் இருக்கிறது, போதவில்லை. ‘உறுதியிழந்த’ என்றால் இருந்தது, போய்விட்டது. வானிலைச் செய்தியில் புயல் ‘வலுவிழந்தது’ என்று சொல்வது இதனால்தான்.

படி 2: பொருளென்றால், கெட்ட விதத்தைச் சொல்லுங்கள்

உரசி உரசித் தேய்ந்த துணி நைந்தது. நாள்பட்டு உள்ளுக்குள்ளேயே நார் செத்த கயிறு இற்றது. பூச்சி அரித்த மரம் உளுத்தது. ஈரத்தில் கிடந்து கெட்ட மரம் உக்கியது. இழுவை போன ஸ்பிரிங் தொய்ந்தது, முனை போன கத்தி மழுங்கியது, பழைய மருந்து வீரியம் குறைந்தது.

மாற்றிப் பாருங்கள். “பலவீனமான கயிறு அறுந்தது” என்பதை, “மேலே பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது, உள்ளே இற்றுப்போயிருந்த கயிறு வாளி நிறைந்ததும் அறுந்தது” என்று எழுதினால் காரணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இங்கே ‘நைந்த கயிறு’ என்று போட்டால் காட்சி குழம்பும். நைவது பெரும்பாலும் வெளியே தெரியும், பிசிர் பிசிராக நிற்கும். அதைப் பார்த்த பிறகும் வாளியைக் கட்டியவர் மேல் குற்றம் போய்விடும்.

பேச்சில் ‘இத்துப்போன’, ‘நைஞ்ச’ என்போம். உரையாடலுக்கு அதுவே அழகு. விவரிப்பில் ‘இற்றுப்போன’, ‘நைந்த’.

படி 3: உடம்பென்றால், கால அளவைப் பாருங்கள்

சோர்வு ஓய்வெடுத்தால் போகும். மெலிவு நோய்க்குப் பிறகு சில வாரங்கள் நிற்கும். தளர்வு வயதோடு வந்து தங்கிவிடும். நலிவு ஆண்டுக்கணக்கில் நடப்பது. அதனால்தான் தொழிலையும் கலையையும்கூட ‘நலிந்த’ என்கிறோம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவரை ‘நலிந்தவர்’ என்றால் படிப்பவர் பயந்துவிடுவார். ‘மென்மை’யை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். மென்மையான ஆள் திடமாக முடிவெடுக்கலாம்.

நோஞ்சான், சோப்ளாங்கி, தொடைநடுங்கி எல்லாம் வசவுகள். பாத்திரத்தின் வாயில் வரலாம், உங்கள் வாயில் வரக்கூடாது. ‘நொண்டிச்சாக்கு’ உடற்குறையை இழிவாக்குகிறது. ‘சாக்குப்போக்கு’ அதே வேலையைச் செய்யும். கோழைத்தனத்துக்குப் பெண்களையும் திருநர்களையும் இழுக்கும் சொற்களை ஒதுக்கிவிடுங்கள். அவை எந்தக் கோழையையும் துல்லியமாகக் காட்டுவதில்லை.

படி 4: முடிவெடுக்காதவர் என்றால், மனசுக்குள் என்ன நடக்கிறது?

அதிகம் பிழை நேர்வது இங்கேதான். மேசையில் ஒரு விண்ணப்பம் கிடக்கிறது; அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்.

விதி என்ன சொல்கிறதென்றே புரியவில்லை என்றால் அது குழப்பம். புரிகிறது, போடலாம் என்றும் தெரிகிறது, ஆனாலும் பேனா மூடியைக் கழற்றுகிறார், மறுபடி மூடுகிறார்: தயக்கம். காலையில் சரி, மாலையில் வேண்டாம், மறுநாள் காலை மறுபடி சரி: ஊசலாட்டம். மேலிடத்தில் யார் கை ஓங்குகிறது என்று பார்த்துக் காத்திருக்கிறார்: மதில்மேல் பூனை. போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு: இருதலைக்கொள்ளி எறும்பு. இந்தக் கடைசி ஆளைக் குறை சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் நெருப்பு. பூனைக்கு எந்த ஆபத்தும் இல்லை, ஆதாயம்தான் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

“அடுத்த வாரம் வாங்க, பார்ப்போம்” என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறாரா? அது இழுத்தடிப்பு. ஏன் என்று கேட்டால் பிடிகொடுக்காமல் பேசுவது மழுப்பல். இவை இரண்டும் உறுதியின்மையே அல்ல. போடக்கூடாது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். இதைப் போய் ‘தயக்கம்’ என்று எழுதினால் நீங்களே அவருக்காக வாதாடியதாகிவிடும்.

காத்திருப்பதெல்லாம் தயக்கமும் அல்ல. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்கிறது 672ஆம் குறள்: ஆற அமரச் செய்ய வேண்டியதை ஆற அமரவே செய். அங்கே பொருந்தும் சொல் நிதானம். நிதானத்துக்கு ஒரு காரணமும், பெரும்பாலும் ஒரு கெடுவும் இருக்கும். பத்தியில் அந்த இரண்டும் இல்லையென்றால் ‘நிதானம்’ என்று எழுதக் கை வரக்கூடாது.

படி 5: கருத்தும் சட்டமும்

வாதம் எடுபடாது. வழக்கு நிற்காது. சாட்சியம் குறுக்கு விசாரணையில் ஆட்டங்காணும். போராட்டம் பிசுபிசுக்கும். காரணம் சப்பையாக இருக்கும். நடவடிக்கை மெத்தனமாக நடக்கும். பேச்சு வழவழா கொழகொழா என்று போகும். இவற்றில் ‘நீர்த்துப்போன சட்டம்’ மட்டும் கூடுதல் கவனம் கேட்கிறது. சட்டம் தானாக நீர்ப்பதில்லை. யாரோ ஒரு பிரிவைச் சேர்த்தோ நீக்கியோ நீர்க்கச் செய்கிறார்கள். அது யார், எந்தப் பிரிவு என்று தெரிந்தால் ‘நீர்த்துப்போனது’ என்று முடிக்காமல் ‘நீர்க்கச் செய்தார்கள்’ என்றே எழுதுங்கள்.

படி 6: ‘மிகவும்’ வேட்டை

சரியான வினை கிடைத்த பிறகு அதன் முன்னால் ‘மிகவும்’, ‘ரொம்ப’, ‘சற்று’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘மிகவும் இற்றுப்போன’ என்பதில் ‘மிகவும்’ வெறும் சுமை; இற்றது இற்றதுதான். ‘சற்று ஊசலாடினார்’ இன்னும் மோசம்: ஊசலாட்டத்தைச் சொல்ல எழுதியவரே ஊசலாடுகிறார். எத்தனை முறை மனம் மாறினார் என்று தெரிந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். தெரியாவிட்டால் ‘ஊசலாடினார்’ போதும்.