பார்பிக்யூ கடையில் முதல் சாப்பாடு: என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், பார்பிக்யூ என்றால் தணலில் வாட்டிய கறி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு இங்கே கிரில் என்று பெயர். பார்பிக்யூ கடையில் கறி நேரடியாகத் தீயில் படாது. ஓக், ஹிக்கரி போன்ற விறகின் புகையில், சுமார் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக வேகும். மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டுக்குப் பல கடைகளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிகாகோவோ ஹூஸ்டனோ, நீங்கள் இருக்கும் நகரத்தில் தெருமுனைக் கடை ஒன்றுக்கு முதல்முறை போகிறீர்கள் என்றால், இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: சீக்கிரம் போங்கள்

இன்று வெட்டப்போகும் பிரிஸ்கெட் நேற்று இரவே அடுப்பில் ஏறியது. தீர்ந்துவிட்டால் இன்னொன்றை அவசரமாகச் செய்ய முடியாது. நான் முதன்முதலில் இரவு எட்டரைக்குப் போனபோது, மெனுப் பலகையில் பிரிஸ்கெட், ரிப்ஸ் எனப்படும் விலா எலும்புக்கறி இரண்டின் மேலும் கோடு போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மதியம் கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவேன். கறியும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

படி 2: சாப்பிடாததை முதலிலேயே சொல்லுங்கள்

நம்மவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவார்கள். மாடும் பன்றியும் வேண்டாம் என்று கோழியோ வான்கோழியோ கேட்பார்கள். கூடவே பீன்ஸ் வாங்குவார்கள். அந்த பீன்ஸில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றிக்கறியோ பிரிஸ்கெட் துண்டுகளோ கிடப்பது சர்வசாதாரணம். காலர்ட் கீரையும் பெரும்பாலும் பன்றிக்கறி போட்டு வெந்ததுதான். சோள ரொட்டியில்கூடச் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேரும். எல்லாக் கறியையும் ஒரே பலகையில், ஒரே கத்தியால் வெட்டுவதும் உண்டு. "இதில் கறி சேர்ந்திருக்கிறதா, தனிப் பலகையில் வெட்டித் தர முடியுமா?" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம், தினமும் யாராவது கேட்கும் கேள்விதான். சைவம் என்றால் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், மேக் அண்ட் சீஸ் என்ற சீஸ் சேர்த்த மக்ரோனி, உருளைக்கிழங்கு சாலட் போன்றவைதான் மிஞ்சும். அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 3: எடை போட்டு வாங்குங்கள்

கவுண்டரில் கறியைப் பவுண்டு கணக்கில் கொடுப்பார்கள். ஒரு பவுண்டு சுமார் 454 கிராம். ஆளுக்கு அரைப் பவுண்டு தாராளம். அதையும் ஒரே கறியாக வாங்காமல், கால் பவுண்டு பிரிஸ்கெட், கால் பவுண்டு ரிப்ஸ் என்று பிரித்துக் கேளுங்கள். அளவு குறைவாயிற்றே என்று யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பிரிஸ்கெட் கேட்டதும் "லீனா, ஃபேட்டியா?" என்ற கேள்வி வரும். ஃபேட்டிக்கு மாய்ஸ்ட் என்றும் சொல்வார்கள். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரத்தைத் தாங்கும் தசைகளில் இந்த நெஞ்சுத் தசையும் ஒன்று. அதனால் நார்த்திசு நிறைய. மெதுவாக வேகும்போது அது இளகி ஜெலட்டினாக மாறுவதால்தான் கறி மிருதுவாகிறது. அடியிலிருக்கும் தட்டையான பகுதி லீன். மேலே கொழுப்போடிய பகுதி ஃபேட்டி. முதல்முறை ஃபேட்டியே கேளுங்கள் என்பேன். லீன் கொஞ்சம் ஆறினாலும் வறண்டுவிடும்.

வெட்டுவதை நின்று பாருங்கள். கரிபோலக் கறுத்த மேலோட்டில் கத்தி இறங்கும்போது உள்ளிருந்து சாறு பலகையில் வழியும். மேலோட்டை ஒட்டி ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். வேகாத கறி என்று பயந்துவிடாதீர்கள். புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. அந்தக் கறுப்பு மேலோடும் தீய்ந்தது அல்ல. உப்பும் மிளகும் கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகியது. ஒதுக்கி வைத்தால் இழப்பு உங்களுக்குத்தான்!

படி 4: முதல் வாய் சாஸ் இல்லாமல்

சாஸ் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்து விரல்மேல் தொங்கவிடுங்கள். அறுந்து விழாமல் வளைந்து நின்று, லேசாக இழுத்ததும் பிய்ந்தால் பக்குவம் சரி. ரிப்ஸில் கடித்த இடம் மட்டும் எலும்பைவிட்டுச் சுத்தமாக வரவேண்டும். தொட்டதுமே மொத்தமும் கழன்று விழுந்தால் கூடுதலாக வெந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு வாய் ஆனதும் சாஸைத் தொட்டுப் பாருங்கள். தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டி சாஸ் கன்சாஸ் சிட்டி பாணி. தண்ணீராய், வினிகர் புளிப்போடு இருப்பது வட கரோலினா பாணி. கடுகு மஞ்சள் தென் கரோலினா. வெள்ளையாக மயோனைஸில் செய்தது அலபாமா, அது கோழிக்கு நன்றாகச் சேரும். கூட வரும் வெள்ளை பிரெட், வெள்ளரி ஊறுகாய், வெங்காயம் மூன்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். கொழுப்பு திகட்டும்போது ஒரு கடி ஊறுகாய் வாயைத் துடைத்துவிடும். கையால் சாப்பிடுவதை இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தச் சாப்பாடு நமக்கு இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

படி 5: பில்லும் மிச்சமும்

மேஜைக்கு வந்து பரிமாறும் கடை என்றால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம். கவுண்டரில் நீங்களே வாங்கிக்கொள்ளும் கடையில் அது உங்கள் விருப்பம்.

மிஞ்சியதை ஃபாயிலில் சுற்றித் தரச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வாணலியில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் விறைத்துப்போகும்.