லிங்கர் இல்லை என்று அடம்பிடித்த ரஸ்ட்

புதிதாக நிறுவிய உபுண்டு லினக்ஸில் ரஸ்ட் என்ற நிரல்மொழியைக் கற்க உட்கார்ந்தேன். ரஸ்டின் நிறுவல் கருவியான ரஸ்டப் மூலம் நிறுவுவது சுலபமாகவே முடிந்தது. ஆனால் நிரலை ஓட்ட 'கார்கோ ரன்' கொடுத்ததும் 'சிசி' என்ற லிங்கர் (கோப்புகளை இணைக்கும் கருவி) கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. ரஸ்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா என்று தோன்றும், அதனால் பயனில்லை. ரஸ்ட் கம்பைலர் நம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் கோப்புகளை உருவாக்கும். அவற்றை நூலகங்களோடு இணைத்து ஓடக்கூடிய கோப்பாக்கும் வேலையை, கணினியில் இருக்கும் சி கம்பைலர் வழியாகத்தான் முடிக்கும். என் கணினியில் அது இல்லை. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடி மூலம் 'பில்ட்-எசென்ஷியல்' தொகுப்பைப் போட்டேன். ஜிசிசி என்ற சி கம்பைலர் வந்தது, நிரலும் ஓடியது. (விண்டோஸில் வழக்கமாக விஷுவல் ஸ்டுடியோவின் சி பிளஸ் பிளஸ் பில்ட் டூல்ஸ் வேண்டும். பல ஜிபி இறங்கும், பொறுமை தேவை.)

சரி, புத்தகம்? காசு கொடுத்து வாங்க அவசரப்பட வேண்டாம். 'ரஸ்டப் டாக் --புக்' என்று கொடுத்தால் அதிகாரபூர்வ புத்தகம் இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். 6 வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும் மொழிக்கு, கம்பைலரோடு சேர்ந்தே இறங்கும் புத்தகம் பெரிய வசதி. 4ஆம் அத்தியாயத்தில் ஓனர்ஷிப் (ஒரு மதிப்புக்கு யார் உரிமையாளர் என்ற விதிகள்) வரும், அங்கே அவசரம் கூடாது. ஈ0382 என்ற பிழை எண்ணைக் காட்டி கம்பைலர் திட்டினால் 'ரஸ்ட்சி --எக்ஸ்ப்ளெய்ன் ஈ0382' கொடுங்கள், உதாரணத்தோடு விளக்கிவிடும்.