கெண்டைக்கால் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெண்டைக்கால் தசைகள் ஃபாசியா என்ற விறைப்பான உறையால் நான்கு அறைகளாக (முன், லேட்டரல் என்ற வெளிப்பக்கம், மேல்பின், ஆழ்பின்) பிரிந்திருக்கின்றன; ஓர் அறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்தம் கிடைக்காமல் தசை சாவதுதான் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். டிபியா (கெண்டைக்காலின் பெரிய எலும்பு) முறிந்து வந்தவருக்கு ஸ்லாப் (பாதி மாவுக்கட்டு) போட்டு, வலிக்கு ஊசியும் போட்டாயிற்று. அப்படியும் வலி ஏறிக்கொண்டே போனால், அடுத்த ஊசியை எழுதுமுன் கட்டைப் பிரித்துக் காலைப் பாருங்கள். கட்டையும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். பாதி வெட்டினால் அழுத்தம் இறங்காது. காலைத் தலையணைமேல் உயர்த்தக் கூடாது, தசைக்கு வரும் ரத்த அழுத்தம் இன்னும் குறைந்துவிடும். இதய மட்டத்தில் வையுங்கள்.

பாதத்தில் நாடி கிடைக்கிறதே என்று காத்திருப்பதுதான் காலைப் பறிக்கும் தவறு. தசையின் நுண்குழாய்களை நசுக்க 30 மி.மீ. (பாதரச) அழுத்தமே போதும், தமனியில் ஓடுவது 120. நாடி மறையும்போது தசை செத்திருக்கும். பெருவிரலைக் கீழ்நோக்கி மடக்கும்போது முன்பக்கத் தசையில் உயிர்போகும் வலி வருகிறதா என்று பாருங்கள். தோல் கிழிந்த முறிவிலும் இந்தச் சின்ட்ரோம் வரும், ஒரு கிழிசல் நான்கு அறைகளையும் திறந்துவிடாது.

அறிகுறி தெளிவாக இருந்தால் அழுத்தம் அளக்க நேரம் செலவிடாதீர்கள். நினைவில்லாதவர், நெர்வ் பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போட்டவர் என்றால் முறிவிலிருந்து 5 செ.மீ.க்குள் அளவெடுங்கள். டயஸ்டாலிக்கிலிருந்து (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) அதைக் கழித்து 30-க்குக் குறைவாக வந்தால் ஃபாசியாட்டமி, அதாவது ஃபாசியாவைக் கீறி அறைகளைத் திறக்கும் அறுவை. மயக்க மருந்தில் டயஸ்டாலிக் தாழும் என்பதால், அதற்கு முந்தைய அளவே கணக்கு.

ஆபரேஷன் தியேட்டரில் நடக்கும் பிழை வேறு வகை. சிறு கீறலில் முடிக்க ஆசைப்படுவார்கள். வீங்கிய தோலும் அழுத்தும், 15 செ.மீ.க்குக் குறையாமல் திறங்கள். வெளிப்பக்கக் கீறலில் லேட்டரல் அறையை மட்டும் திறந்துவிட்டு, அதையே முன் அறை என்று நம்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபாசியாவில் முதலில் குறுக்காக ஒரு சிறு வெட்டு போட்டு, தசையிடைத் தடுப்பைக் கண்ணால் பார்த்தபின் அதன் இருபுறமும் நெடுக வெட்டினால் இந்தக் குழப்பம் வராது. கீழே போகும்போது கவனம்: வெளிக் கணுக்காலுக்கு மேலே சுமார் 10–12 செ.மீ.யில் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் நரம்பு ஃபாசியாவைத் துளைத்து வெளிவருகிறது.

உட்பக்கக் கீறல் டிபியா விளிம்புக்கு 1.5–2 செ.மீ. பின்னால், சஃபீனஸ் நரம்பையும் சிரையையும் முன்பக்கம் ஒதுக்குங்கள். காஸ்ட்ராக்னீமியஸ் (மேலாக உள்ள கெண்டைத் தசை) தெரிந்ததும் நின்றுவிடாதீர்கள். சோலியஸ் தசையை டிபியாவிலிருந்து பிரித்தால்தான் ஆழ்பின் அறை திறக்கும். தவறிப்போகும் அறைகளில் இதுவும் முன் அறையும்தான் முக்கியமானவை.

தோலை அன்றே தைக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்து, நிறம், உறுதி, சுருங்கும் திறன், ரத்தக் கசிவு இந்நான்கையும் வைத்து இறந்த தசையை நீக்குங்கள்.