சும்மா நிக்கிற வண்டிக்கு பேட்டரி சார்ஜர் போடுறது எப்படி

எங்க வீட்டு கார் மாசத்துக்கு ரெண்டு தடவ வெளிய போனா பெருசு, மத்த நாள் பூரா கவர் போட்டு போர்டிகோவுல நிக்கும். போன மழைக்காலத்துல அவசரமா கிளம்பலாம்னு சாவிய திருப்பினா டிக் டிக் டிக்னு சத்தம் மட்டும்தான், செல்ஃப் எடுக்கல. பேட்டரி மாத்தி ரெண்டு வருஷம் கூட ஆகல. பேட்டரிக் கடைக்காரர் மீட்டர் வச்சுப் பாத்துட்டு, "ஓட்டி ஓட்டி போகல சார், நிக்க வச்சே கொன்னுட்டீங்க"ன்னாரு.

நிக்கிற வண்டியும் கரண்ட் குடிச்சுட்டேதான் இருக்கும். சென்ட்ரல் லாக், அலாரம், கடிகாரம், ஈசியூ (இன்ஜின கவனிக்கிற கம்ப்யூட்டர்) எல்லாம் சேந்து 30 மில்லி ஆம்பியர்னு வச்சுக்குங்க (கோளாறு இல்லாத வண்டியிலயே 20லேர்ந்து 50 வரைக்கும் சகஜம்), ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவ இதுலதான் சொல்வாங்க) போகுது, சின்ன பெட்ரோல் கார்ல இருக்கிற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி 25 நாள்ல பாதி காலி. நம்மூர் வெயில்ல தானா இறங்குறது தனி. இறங்கின பேட்டரி அப்படியே கெடந்தா பிளேட்டுல லெட் சல்பேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் எவ்ளோ சார்ஜ் ஏத்தினாலும் பழைய தெம்பு வராது. வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் இன்ஜின் ஆன் பண்ணி வச்சா போதும்னு சொல்வாங்க, நானும் அதான் பண்ணிட்டிருந்தேன், வண்டி நகராம இன்ஜின் மட்டும் ஓடுற ஐடிலிங்ல ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) குடுக்கிறதே கம்மி, அதுல ஏசியும் போட்டு பாட்டு கேட்டா பேட்டரிக்கு என்ன மிஞ்சும்.

இப்ப சார்ஜர். டிரிக்கிள் சார்ஜர்னு கேட்டா ரெண்டு வகை குடுப்பாங்க. பழைய வகை, கம்மியான கரண்ட்ட விடாம அனுப்பிக்கிட்டே இருக்கும், பேட்டரி ரொம்பினாலும் நிறுத்தத் தெரியாது, மறந்துட்டு ஒரு வாரம் விட்டா தண்ணி பூரா வத்திடும். நமக்கு வேண்டியது தானா அடங்குற வகை: 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்திட்டு, ரொம்பினதும் 13.5 வோல்ட் பக்கம் ஃப்ளோட்டுக்கு, அதாவது ஏறின சார்ஜ் இறங்காம மட்டும் பாத்துக்கிற நிலைக்கு, இறங்கிக்கும். அட்டைல ஃப்ளோட் இல்லன்னா மெயின்டெய்னர்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. காருக்கு 1 ஆம்பியரே போதும், மெதுவா ஏறும், பாதி காலியான பேட்டரின்னா ஒரு நாள் பிடிக்கும், நிக்கிற வண்டிக்கு என்ன அவசரம். பைக்ல 4, 5 ஆம்பியர் ஹவர்தான் இருக்கும், அதுக்கு அரை ஆம்பியர். சிக்னல்ல தானா இன்ஜின் அணைஞ்சு எரியுற ஸ்டார்ட் ஸ்டாப் வண்டில ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்ட கண்ணாடி இழைப் பாய்ல உறிஞ்சி வச்சிருக்கிற வகை) இருந்தா சார்ஜர்ல அதுக்குன்னு மோட் இருக்கணும், லித்தியம்னா சார்ஜரே வேற. வீட்டு இன்வெர்ட்டர்ல கார் பேட்டரிய மாட்டி சார்ஜ் ஏத்துற ஆளுங்களும் இருக்காங்க, அது 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்குன்னு செஞ்சது, 10, 15 ஆம்பியர்னு தள்ளும், சின்ன பேட்டரி தாங்காது, வேணாம்.

மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல பாருங்க, அதுவும் வண்டி ராத்திரி பூரா நின்ன பிறகு, ஓட்டிட்டு வந்த சூட்டுல பாத்தா பொய் சொல்லும். 12.6 வோல்ட்டுக்கு மேலன்னா ஃபுல், 12.4 முக்கால், 12.2 பாதி, 12க்கு கீழ போயிருந்தா அன்னைக்கே சார்ஜ் போட்டுடுங்க. பேட்டரி மேல பச்சையா ஒரு கண்ணு தெரியுமே, அத நம்பாதீங்க, ஆறு செல்லுல ஒரு செல்லோட நிலவரம்தான் அது.

மூடி கழட்டுற பேட்டரின்னா தண்ணியும் பாத்துடுங்க. பிளேட் வெளிய தெரிஞ்சா அது முங்குற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, மேல் கோடு வரைக்கும் நிரப்புறத சார்ஜ் முடிஞ்சப்புறம் வச்சுக்கணும், இல்லன்னா பொங்கி வழியும். ஆர்ஓ தண்ணி ஆகாது, ஆசிட் ஊத்தவே கூடாது. டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா ஆப்ப சோடாவ சுடுதண்ணில கரைச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, காஞ்சதும் வாசலின் தடவுங்க. சோடா தண்ணி செல்லுக்குள்ள போகாம மூடி இறுக்கியிருக்கணும்.

சார்ஜர் பிளக்க கடைசியாத்தான் சொருகணும். முதல்ல சிவப்பு கிளிப் பிளஸ்ல, கருப்ப பேட்டரி மைனஸ்ல மாட்டாம கொஞ்சம் தள்ளி இன்ஜின்லயோ பாடிலயோ பெயின்ட் இல்லாத போல்ட்ல மாட்டுங்க, அப்புறம்தான் சுவிட்ச். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே பத்திக்கும், அதனாலதான் பொறி வர்ற இடத்த பேட்டரிக்கு தள்ளி வைக்கிறது. ஷட்டர் மூடின ஷெட்ல பண்ணாதீங்க, பக்கத்துல பீடி சிகரெட்டும் கூடாது. கழட்டும்போது முதல்ல சுவிட்ச், அப்புறம் கருப்பு, கடைசியா சிவப்பு.

நம்மூருக்குன்னு ஒரு விஷயம், கரண்ட் போயி வந்தா சில சார்ஜர் தானா ஸ்டார்ட் ஆகாது, பட்டன அமுக்கணும். வாங்கின அன்னைக்கே சுவிட்ச அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு போட்டு லைட் எரியுதான்னு பாத்துடுங்க. இதனாலயும், பானட்ட திறந்து போட்டா எலி வந்து வயர கடிக்கிறதாலயும், நான் மாசக்கணக்கா மாட்டி வைக்கிறதில்ல, பதினஞ்சு நாளைக்கு ஒரு ராத்திரி போடுறேன், அதுவே போதுது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி பாடி கை வைக்க முடியாத அளவுக்கு சுட்டா உடனே நிறுத்திடுங்க. ஃபுல்லா ஏத்தியும் மறுநாள் 10.5 பக்கம் வந்து நின்னா ஒரு செல் செத்துப்போச்சுன்னு அர்த்தம், சார்ஜரால ஒண்ணும் ஆகாது, கடைக்குப் போக வேண்டியதுதான்.

அப்புறம் சார்ஜர் மாட்டினதும் ஸ்டியரிங்ல ஒரு துண்டு சீட்டு ஒட்டிடுங்க. எங்க வீட்டுல நான் போட்டது தெரியாம தம்பி ரிவர்ஸ் எடுத்து, பிளக் பாயின்ட் செவுத்துலேர்ந்து பேந்து வயரோட கேட் வரைக்கும் வந்துச்சு.