சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட ஒரு சுலபக் கணக்கு: அங்குலத்துக்கு ஓர் அடி

வாசல் தெருவிலிருந்து எத்தனை அங்குல உயரமோ, சாய்தளம் அத்தனை அடி நீளம் இருக்கட்டும். 18 அங்குலம் என்றால் 18 அடி. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் சரிவு தானாகவே 1:12 ஆகிவிடும். சக்கர நாற்காலிக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவும் இதுதான். கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், செங்குத்தாகப் போட்டுவிட்டு இடித்துக் கட்டும் செலவு மிச்சம். அகலம் 4 அடியாவது வேண்டும்.

கைப்பிடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் குழாய் சீக்கிரமே துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் துருப்புள்ளி விழும். 316 ரகம் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் உப்பைத் தாங்கும்.

கடல்நீர் ஏறும் என்று 3 அடி, 4 அடி அஸ்திவாரம் எழுப்பிய வீடுகளுக்கு ஒரே நேர்கோட்டுச் சாய்தளம் சரிவராது. நடுவில் சமதளம் விட்டுத் திருப்ப வேண்டும். சாய்தளம் மணலில் முடிந்தாலும் பயனில்லை, சக்கரம் புதைந்துவிடும். அங்கே 5 அடிக்காவது கெட்டித்தரை போடுங்கள்.